வராத ஏழாவது விமானம்

கச்சிராயபாளையத்தை நடுவில் வைத்து வரைபடத்தை விரித்தால், மூன்று ராணுவ விமானத் தளங்கள் நம்மைச் சுற்றி இருப்பது தெரியும். தெற்கே, நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டரில் தஞ்சாவூர். வடகிழக்கே சுமார் 160 கிலோமீட்டரில் அரக்கோணம். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலம், ஈரோட்டைத் தாண்டி, சுமார் 210 கிலோமீட்டரில் சூலூர். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் கோமுகி அணையும் நம் ஊரும் அந்த முக்கோணத்துக்குள் அடங்கிவிடும்.

அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. 2013 முதல் பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்து வங்காள விரிகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் சுற்றி வருகின்றன. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் 222ஆவது படைப்பிரிவு இருக்கிறது. பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும் சுகோய்-30 போர் விமானங்கள் அதனுடையவை. சூலூரில் நாமே வடிவமைத்த தேஜஸ். இந்த மூன்று வகை விமானங்களுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு: தரையிறங்காமல், பறந்துகொண்டே எரிபொருள் வாங்கிக்கொள்ளும் வசதி மூன்றிலும் இருக்கிறது. ஆனால் அந்த எரிபொருளைக் கொடுக்க வேண்டிய விமானங்கள் ஆக்ராவில் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் 1,700 கிலோமீட்டர். இந்தியாவுக்குச் சொந்தமாக இருப்பவை ஆறே ஆறு. அவை வந்து சேர்ந்தது 2003, 2004ஆம் ஆண்டுகளில். ஏழாவது விமானத்தை வாங்க 2006இல் தொடங்கிய முயற்சி இருபது ஆண்டுகளை நெருங்குகிறது.

ஏன் இப்படி ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன், இந்த விமானம் என்ன வேலை செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் பங்க்கை ஆகாயத்தில் வைத்தது போல என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

ஒரு விமானம் எவ்வளவு எடையோடு தரையை விட்டு எழும்ப முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. இறக்கையின் அளவும் இன்ஜினின் திறனும் ஓடுதளத்தின் நீளமும் அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. வெயிலும் தீர்மானிக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும், இன்ஜினுக்குள் போகும் காற்றும் குறையும். சித்திரை மாதத்துத் தஞ்சாவூர் மதியத்தில் எழும்பும் விமானத்துக்கும் மார்கழி விடியலில் எழும்பும் விமானத்துக்கும் வித்தியாசம் உண்டு. சுகோய்-30 தன் வயிற்றில் சுமார் 9.6 டன் எரிபொருளைச் சுமக்கும். பிரமோஸ் ஏவுகணையின் எடை சுமார் 2.5 டன். ஆயுதத்தைக் கூட்டினால் எரிபொருளைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும். எரிபொருளைக் கூட்டினால் ஆயுதத்தைக் குறைக்க வேண்டும். ஓடுதளத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எழும்பிய பிறகும் சிக்கல் தீரவில்லை. உயரத்தை எட்டும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் எரிபொருள் மிக வேகமாகக் கரைகிறது. அதோடு, தொலைவு கூடக் கூட, எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. இரண்டு மடங்கு தூரம் போக இரண்டு மடங்கு எரிபொருள் போதாது. முதல் பாதித் தூரத்துக்கு அந்தக் கூடுதல் சுமையையும் இழுத்துக்கொண்டு பறக்க வேண்டுமே! விமானப் பொறியாளர்கள் நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் தூரச் சமன்பாட்டின் சாரம் இதுதான்.

வானில் எரிபொருள் நிரப்புவது இந்தக் கணக்கையே மாற்றுகிறது. முழு ஆயுதத்தோடும் குறைந்த எரிபொருளோடும் போர் விமானம் எழும்பலாம். மேலே ஏறி, ஏற்றத்தில் கரைந்ததை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். தரையிலிருந்து தூக்க முடியாத எடையைக்கூட, ஏற்கெனவே வேகத்தில் இருக்கும் இறக்கை மேலே தாங்கும். சுமார் 3,000 கிலோமீட்டர் பறக்கும் சுகோய்-30, ஒருமுறை நிரப்பினால் 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

தூரத்தைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது நேரம். கரையிலிருந்து 1,000 கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் ஒரு பகுதியைக் காவல் காக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். மூன்றே முக்கால் மணி நேரம் பறக்கக்கூடிய விமானத்துக்கு அங்கே நின்று காவல் காக்கக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இருபத்துநான்கு மணி நேரமும் அங்கே ஒரு விமானம் இருக்க வேண்டும் என்றால் இருபது முறையாவது கிளப்ப வேண்டும். அதே இடத்தில் எரிபொருள் கொடுக்கும் விமானம், அதாவது ஒரு டேங்கர், இருந்தால், ஒவ்வொரு விமானமும் நான்கைந்து மணி நேரம் நிற்கும். ஆறு முறை கிளப்பினால் போதும். கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் அது சொல்லும் செய்தி தெளிவானது: டேங்கர் இல்லாத குறையைப் போர் விமானங்களும் விமானிகளும் தேய்ந்து ஈடுகட்டுகிறார்கள்.

இந்த யோசனையின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஆரம்பத்திலேயே ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1923இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இரண்டு பழைய விமானங்களுக்கு நடுவே வெறும் ரப்பர் குழாயைத் தொங்கவிட்டு முதல் முயற்சி நடந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1934 செப்டம்பரில், ஆலன் கோபம் என்ற ஆங்கிலேய விமானி இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு எங்கும் இறங்காமல் பறக்கப் புறப்பட்டார். வழியில் வானிலேயே எரிபொருள் வாங்கிக்கொள்வது அவர் திட்டம். மால்டா தீவு வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு இன்ஜினின் வேகக் கட்டுப்பாட்டில் ஒரு சிறு ஊசி கழன்றது. மால்டாவில் வயிற்றால் தரையிறங்க வேண்டியதாயிற்று. அதே நாளில், அவருக்கு உதவிய எரிபொருள் விமானங்களில் ஒன்று இங்கிலாந்தில் விழுந்து நொறுங்கி, அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். ஆலன் கோபம் முயற்சியைக் கைவிடவில்லை. அவர் தொடங்கிய நிறுவனம்தான் 1949இல், இன்று நம் போர் விமானங்கள் எல்லாம் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது.

அந்த முறை இப்படி. டேங்கரின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட குழாய் பின்னால் அவிழ்ந்து வரும். அதன் நுனியில் பூப்பந்து இறகு போல விரிந்த ஒரு கூடை. பின்னால் வரும் போர் விமானத்தின் மூக்கருகே ஓர் உறுதியான இரும்புக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். விமானி அதைக் கூடைக்குள் செலுத்த வேண்டும். இரண்டு விமானங்களும் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே வேக வித்தியாசம் மனிதர் நடக்கும் வேகம்தான் இருக்க வேண்டும். குறைந்தால் குழல் பூட்டிக்கொள்ளாது. கூடினால் குழாய் தளர்ந்து சாட்டை போல அலைபாயும். இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. போர் விமானத்தின் மூக்கு காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதால், கூடை கடைசி நொடியில் விலகி ஓடும். பழகிய விமானிகள் கூடையைப் பார்த்துத் துரத்துவதில்லை. டேங்கரின் உடலில் ஒரு குறியைப் பார்த்துக்கொண்டு, கூடை எங்கே வரும் என்று அறிந்து அங்கே நுழைகிறார்கள். இரவில், மேகத்துக்குள், குலுங்கும் காற்றில் இதைச் செய்ய ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். பழகியதைத் தொடர்ந்து செய்யாவிட்டால் கைவிட்டுப் போகும். பயிற்சிக்கும் டேங்கர் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் கதையில் இது திரும்ப வரும்.

இரண்டாவது முறை அமெரிக்காவினுடையது. டேங்கரின் வாலிலிருந்து ஒரு விறைப்பான நீள்குழல் கீழே இறங்கும். அதை டேங்கரில் இருக்கும் ஒருவர் இயக்கி, பின்னால் வரும் விமானத்தின் முதுகிலுள்ள வாயில் செருகுவார். எரிபொருள் பாயும் வேகம் கூடைமுறையைப் போல இரண்டு மூன்று மடங்கு. பெரிய விமானங்களுக்கு இதுதான் வசதி. அரக்கோணத்து பி-8 வகையும், நம் விமானப் படையின் சி-17 சரக்கு விமானமும் இந்த முறையில்தான் எரிபொருள் வாங்க முடியும். ஆக்ராவிலுள்ள ஆறு விமானங்களிலும் இருப்பது கூடைமுறை மட்டுமே. ஆகவே, நம் முக்கோணத்தின் ஒரு மூலைக்கு நம்மிடமிருக்கும் எந்த டேங்கரும் உதவாது.

இனி கொள்முதல் கதை. 1985இல் மிராஜ்-2000 போர் விமானங்கள் வந்தபோதே, வானில் எரிபொருள் வாங்கும் குழல் பொருத்தும் வசதியோடு வந்தன. கொடுக்க ஆள் இல்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2003இல், உஸ்பெகிஸ்தானின் தாஷ்கந்து ஆலையில் தயாரான ஐ.எல்.-78 விமானங்கள் வரத் தொடங்கின. ஆக்ராவில் 78ஆவது படைப்பிரிவு பிறந்தது. அந்த ஆறும் வந்ததும் விமானப் படையின் நடையே மாறியது. 2008இல் எட்டு சுகோய் விமானங்கள் அமெரிக்காவின் நெவாடா பாலைவனம் வரை பயிற்சிக்குப் போய்த் திரும்பின. கூடவே இரண்டு ஐ.எல்.-78 போயின. 2018 செப்டம்பர் 10 அன்று, தேஜஸ் முதன்முறையாக வானில் எரிபொருள் வாங்கியது. 20,000 அடி உயரத்தில் ஐ.எல்.-78 அதற்கு 1,900 கிலோ கொடுத்தது. உலகில் வெகு சில நாடுகளே எட்டியிருந்த அந்தத் தகுதியை நம் பொறியாளர்கள் கட்டிய விமானம் பெற்ற நாள் அது. 2020 அக்டோபரில், பஞ்சாபிலிருந்து கிளம்பிய ஒரு சுகோய், வழியில் எரிபொருள் வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறந்து வங்காள விரிகுடாவில் ஒரு பழைய கப்பலை பிரமோஸால் தாக்கியது. நாட்டின் வடமேற்கு மூலையிலிருந்து நம் கடலுக்கு ஒரே பாய்ச்சல்.

இவ்வளவும் ஆறு விமானங்களை வைத்துக்கொண்டு நடந்தவை. உண்மையில் ஆறும் ஒரே நேரத்தில் பறக்கும் நிலையில் இருப்பது அபூர்வம். தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2017இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதைப் பதிவு செய்தது. 2010 முதல் 2016 வரை இந்த விமானங்கள் பறக்கத் தயாராக இருந்த விகிதம் சராசரியாக 49 சதவீதம். இருக்க வேண்டியது 70. ஆறில் மூன்று. அந்த மூன்றில் ஒன்று பயிற்சிக்குப் போனால் மிச்சம் இரண்டு. மேற்கு எல்லை, வடகிழக்கு எல்லை, தெற்கே பெருங்கடல் என்று மூன்று திசைக்கும் இரண்டு விமானங்கள். தாஷ்கந்து ஆலை இந்த வகை விமானத்தைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டிய நிலை.

இதை விமானப் படை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. அதனால்தான் 2006இலேயே இன்னும் ஆறு டேங்கர்களுக்கு டெண்டர் கோரப்பட்டது. ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ-330 டேங்கரும் ரஷ்யாவின் ஐ.எல்.-78உம் போட்டியிட்டன. 2009இல் ஏர்பஸ் தேர்வாயிற்று. 2010 ஜனவரியில், விலை அதிகம் என்ற நிதி அமைச்சகத்தின் ஆட்சேபத்தால் டெண்டர் ரத்தானது.

நிதி அமைச்சகத்தின் கேள்வி தவறு என்று சொல்ல மாட்டேன். பொதுப் பணத்துக்குக் காவல் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் ஒரு குறை இருந்தது. வாங்கும் அன்று கொடுக்கும் விலையை மட்டுமே ஒப்பிட்டார்கள். ஐ.எல்.-78க்கு நான்கு இன்ஜின்கள், ஏ-330க்கு இரண்டு. ஏ-330 சுமார் 111 டன் எரிபொருளைத் தன் இறக்கையிலும் ஏற்கெனவே உள்ள தொட்டிகளிலுமே சுமக்கும். உடற்பகுதி முழுவதும் வீரர்களுக்கும் சரக்குக்கும் காலியாக இருக்கும். உலகெங்கும் பயணிகளைச் சுமக்கும் விமானம் என்பதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. முப்பது ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தால் எது மலிவு என்ற கேள்விக்கு வேறு பதில் வரும். அடுத்த டெண்டரில் இது திருத்தப்பட்டது. 2010இலேயே இரண்டாம் முறை அழைப்பு விடுத்தபோது, வாங்கும் விலையோடு வாழ்நாள் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2013 ஜனவரியில் அதே ஏர்பஸ் குறைந்த செலவுக்காரராக வந்தது. பேச்சுவார்த்தை மூன்று ஆண்டுகள் நீண்டது. 2016இன் நடுப்பகுதியில், செலவைக் காட்டி அந்த டெண்டரும் திரும்பப் பெறப்பட்டது.

அதே 2016இல், செப்டம்பர் 23 அன்று, 36 ரஃபேல் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 59,000 கோடி ரூபாய். அந்த ரஃபேல்களில் முதல் ஐந்து 2020 ஜூலை 27 அன்று பிரான்சிலிருந்து கிளம்பின. அம்பாலா வந்து சேரும் வழியில் அவற்றுக்கு வானில் எரிபொருள் கொடுத்தது பிரெஞ்சு விமானப் படையின் ஏ-330 டேங்கர். நாம் வேண்டாம் என்று இரண்டு முறை ஒதுக்கிய அதே வகை. 2021 ஜனவரியில் மேலும் மூன்று வந்தபோது கொடுத்தது ஐக்கிய அரபு அமீரகத்தின் டேங்கர். அதுவும் ஏ-330தான். நண்பர்கள் உதவினார்கள், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் போர்க்காலத்தில் நண்பரின் டேங்கரைக் கேட்க முடியாது.

எங்கள் பக்கத்தில் கரும்பு போடும் யாருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. முற்றிய கரும்பை உரிய காலத்தில் வெட்டி ஆலைக்கு அனுப்பி அரவைக்குக் கொடுக்காவிட்டால், வயலில் நிற்க நிற்க எடை குறையும், சர்க்கரைச் சத்து குறையும். டன்னுக்கு இவ்வளவு என்று அறிவித்த விலை அப்படியே இருக்கும். எடைச் சீட்டில் வந்த எடைதான் பதிவாகும், போன எடை எந்தச் சீட்டிலும் வராது. இரண்டு முறை ரத்தான இந்த டெண்டரின் கோப்பிலும் அப்படித்தான் நடந்தது. வாங்கினால் எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. வாங்காமல் இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் எவ்வளவு என்று எழுதக் கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தில் வர வேண்டியவற்றில் சிலவற்றை யாரும் எளிதாக எழுதிவிடலாம். முதலாவது டாலர். 2010 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 46 ரூபாய், 2016இல் 67, 2025 இறுதியில் 88க்கு மேல். அதாவது 100 கோடி டாலர் மதிப்புள்ள ஒரு பொருள், அதன் விலை ஒரு காசும் ஏறாவிட்டாலும், 4,600 கோடி ரூபாயிலிருந்து 8,800 கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இரண்டாவது, பழைய ஆறு விமானங்களைப் பறக்க வைத்துக்கொண்டிருக்க ஆகும் செலவு. மூன்றாவது, டேங்கர் இல்லாத இடத்தில் கூடுதலாகக் கிளம்பிய போர் விமானங்களின் தேய்மானம். ஒவ்வொரு போர் விமானமும் குறிப்பிட்ட மணி நேரம் பறந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அந்த மணிகளைத்தான் நாம் செலவழித்திருக்கிறோம்.

டேங்கர் எப்போதும் வரிசையில் பின்னுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது மிச்சம் இருந்தவை 29. மூலதனச் செலவுக்கு 2025–26 பட்ஜெட்டில் ராணுவம் முழுவதற்கும் ஒதுக்கியது 1.80 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணைக்குப் போகும். மிச்சத்தில் போர் விமானமா, டேங்கரா என்ற கேள்வி வந்தால் எந்தத் தளபதியும் போர் விமானத்தைத்தான் முதலில் கேட்பார். குடியரசு தின அணிவகுப்பில் கைதட்டல் வாங்குவதும் அதுதான். ஆனால் மேலே சொன்ன காவல் கணக்கைத் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கையில் குறைந்த படைக்குத்தான் டேங்கர் அதிகம் தேவை. இருக்கும் ஒவ்வொரு விமானத்தையும் கூடுதல் நேரம் வானில் வைத்திருப்பது அது. 29 பிரிவுகளோடு நிற்கும் நாடு டேங்கரைத் தள்ளிப் போடுவது, இருக்கும் பலத்தையும் குறைத்துக்கொள்வது.

தாமதம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா 2000களின் தொடக்கத்தில் போயிங் 767 டேங்கர்களைக் குத்தகைக்கு எடுக்க முயன்றது. அந்தப் பேரத்தில் முறைகேடு வெளிவந்து, விமானப் படையின் கொள்முதல் அதிகாரி ஒருவரும் போயிங்கின் நிதித் தலைவரும் சிறைக்குப் போனார்கள். 2008இல் ஏர்பஸ் கூட்டணிக்குக் கொடுத்தார்கள். போயிங் முறையிட்டு அதை ரத்தாக்கியது. 2011இல் போயிங் வென்றது. முதல் விமானம் 2019 ஜனவரியில்தான் வந்தது. வந்த பிறகும் எரிபொருள் குழலைச் செலுத்துபவர் பார்க்கும் கேமரா அமைப்பில் கோளாறு. போயிங் இந்த ஒரு திட்டத்தில் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டது. ஆஸ்திரேலியா 2004இல் கேட்ட ஏ-330 டேங்கர் 2011இல்தான் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் கொஞ்சம் பொறுத்திருந்து, மற்றவர்கள் சிக்கலைத் தீர்த்த பிறகு 2014இல் ஆறு விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. 2018இல் முதல் விமானம் வந்துவிட்டது. நம் இரண்டாவது டெண்டரில் ஏர்பஸ் முதலிடம் பிடித்து ஓராண்டு கழித்துத்தான் சிங்கப்பூர் தொடங்கியது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த அந்த இருபது ஆண்டுகளும், 1957 முதல் சேவையிலிருக்கும் நூற்றுக்கணக்கான கே.சி.-135 டேங்கர்கள் அவர்களிடம் பறந்துகொண்டிருந்தன. நம்மிடம் ஆறு. எத்தனை டேங்கர் போதும் என்பதற்கு 1982 ஃபாக்லாந்து போர் ஒரு பாடம். ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் தென் அட்லாண்டிக்கின் அந்தத் தீவுகள்வரை அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்ள பிரிட்டன் 11 டேங்கர்களைக் கிளப்பியது. அந்த டேங்கர்களே ஒன்றுக்கொன்று எரிபொருள் கொடுத்துக்கொண்டு போயின.

2018இல் மூன்றாவது முறையாக விவரம் கேட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் போயிற்று. 2020இல் கொள்முதல் விதிகளில் ஒரு புதிய கதவு திறந்தது: வாங்காமல் குத்தகைக்கு எடுக்கலாம். அந்தக் கதவு வழியாக முதலில் வந்தவை நம் அரக்கோணத்துக்குத்தான் வந்தன. 2020 நவம்பரில் இரண்டு ஆளில்லாக் கண்காணிப்பு விமானங்களைக் கடற்படை அமெரிக்க நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தபோது, குத்தகை நிபந்தனைப்படி நிறுவனமே மாற்று விமானம் கொடுத்தது. மொத்தப் பணத்தையும் ஒரே மூச்சில் தேட வேண்டியதில்லை, பழுதும் இழப்பும் அவர்கள் தலையில். இது குத்தகையின் நல்ல பக்கம்.

2025 மார்ச் 28 அன்று டேங்கருக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மெட்ரியா என்ற நிறுவனம் ஒரு கே.சி.-135 விமானத்தை அதன் ஊழியர்களோடு தரும். நம் விமானப் படை, கடற்படை விமானிகள் அதில் எரிபொருள் வாங்கப் பழகுவார்கள். பயிற்சிக்காக ஆக்ராவின் விமானங்களை இழுக்க வேண்டியதில்லை. இதை வரவேற்கிறேன். ஆனால் அந்நிய ஊழியர்கள் ஓட்டும் வாடகை விமானம் போர் முனைக்கு வராது. பயிற்சிச் சுமையை அது தாங்கும், போர்ச் சுமையைத் தாங்காது.

சொந்த டேங்கருக்கான பாதை இப்போது இஸ்ரேல் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 ஏப்ரலில் பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனமும் இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனமும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. பயணிகளை ஏற்றி ஓய்ந்த போயிங் 767 விமானங்களை வாங்கி, டேங்கராக மாற்றித் தருவது திட்டம். கொலம்பியாவுக்கு 2010இல் அப்படி ஒன்றை இஸ்ரேல் செய்து கொடுத்திருக்கிறது. 2025 அக்டோபரில் வெளிவந்த செய்திகளின்படி, ஆறு விமானங்களுக்கு சுமார் 8,000 கோடி ரூபாய் மதிப்பிலான போட்டியில் எஞ்சியிருப்பது இஸ்ரேல் நிறுவனம் ஒன்றுதான். பழைய விமானம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. டேங்கர் வேகமாகத் திரும்பிச் சுழலும் வேலையைச் செய்வதில்லை. நேராக, நிதானமாக, நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல பராமரிப்பில் உள்ள பயணி விமானத்தின் உடல் அதற்குப் பல ஆண்டுகள் தாங்கும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. ஒற்றைப் போட்டியாளர் என்ற காரணத்தைக் காட்டி, விலை ஒப்பிட ஆளில்லை என்று சொல்லி, இந்தக் கோப்பும் மறுபடி மேசையிலிருந்து மேசைக்குப் பயணம் போகக்கூடாது. கையெழுத்திட்ட பிறகும் விமானத்தைத் தேடி வாங்கி, பிரித்து, தொட்டிகளும் குழாய்களும் பொருத்தி, சோதித்து, சான்று பெற ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆக்ராவின் ஆறும் கால் நூற்றாண்டைத் தாண்டிவிடும்.

அரக்கோணத்துக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாக வரும் விமானங்களில் கூடைமுறையோடு வால்குழல் முறையும் இருக்க வேண்டும். செலவைக் குறைக்கும் பேச்சு வரும்போது முதலில் வெட்டப்படக்கூடிய உறுப்பு அந்த வால்குழல்தான். விலை கூடியது, நுட்பமானது. ஆனால் அது இருந்தால்தான் பி-8, மலாக்கா நீரிணையின் வாய்வரை போய் அங்கேயே நின்று கடலடியைக் கவனிக்க முடியும். வெட்டினால் இன்னொரு முப்பது ஆண்டுகளுக்கு அந்த விமானங்கள் தங்கள் தொட்டியில் உள்ளதை வைத்தே திரும்பி வர வேண்டும்.

விமானங்கள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. ஆக்ராவிலிருந்து தஞ்சாவூருக்கு நேர்கோட்டில் சுமார் 1,800 கிலோமீட்டர். ஒரு டேங்கர் இங்கே வந்து சேரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்துபோகும் வழியில் தன் இன்ஜின்கள் குடிக்கும் எரிபொருள் வேறு. தெற்கில் ஒரு தளத்தில் டேங்கர் ஒன்றிரண்டை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றால், இருநூறு டன்னுக்குப் பக்கமான எடையைத் தாங்கும் நிறுத்துமிடம் வேண்டும். நூறு டன் எரிபொருள் என்பது ஒன்றேகால் லட்சம் லிட்டர். லாரி லாரியாகக் கொண்டுவந்து ஊற்றினால் ஒரு விமானத்தை நிரப்பவே பொழுது போய்விடும். ஆகவே தரைக்கடியில் பெரிய தொட்டிகளும் நிறுத்துமிடம்வரை குழாய்களும் வேண்டும். பராமரிக்கக் கூரையிட்ட கொட்டகையும் உதிரி பாகக் கிடங்கும் வேண்டும். இவை எல்லாம் கான்கிரீட், குழாய், பம்பு சம்பந்தப்பட்ட வேலைகள். இவற்றுக்கு அந்நியச் செலாவணி தேவையில்லை, வெளிநாட்டு ஏலம் தேவையில்லை, எந்த நிறுவனத்தின் விமானம் தேர்வாகும் என்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தஞ்சாவூரிலோ சூலூரிலோ அந்த வேலையை அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கலாம்.